ஜாடியில் இருந்த எழுத்து

அமராவதிபுதூர் டவுன் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவர் இளையவளின் மடியில் ஒரு கட்டு முருங்கைக்காயை வைத்தார்.

“வீட்டு மரத்துக் காய், ஆத்தா. ரெண்டு மாசமா காய்ச்சுத் தள்ளுது.”

இளையவள் பழம்பொருள் கடையில் வேலை பார்ப்பவள் போலிருக்கிறது.

“அக்கா, நீங்க எங்க கடைக்கு வித்தீகள்ல, உங்க தாத்தா கப்பல்ல கொண்டாந்த ஜாடி. அதுல இருந்த சீன எழுத்தை நேத்து கம்ப்யூட்டர்ல மவுஸால வரைஞ்சு பாத்தேன். கோலம் மாதிரி கையெடுக்காம இழுத்தேன், ஒண்ணும் வரல. அப்பறம் கோடு கோடாப் போட்டேன், என்ன எழுத்துன்னு ஒவ்வொண்ணா அதுவே கண்டுபிடிச்சிருச்சு. தமிழ்ல மாத்துனேன்.”

“என்ன போட்டிருக்கு?”

“‘என் அப்பாவின் எலும்பு. ஊருக்கு அனுப்பி வையுங்கள்.’”

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது.

“நாங்க அதுல உப்புல்ல போட்டு வச்சிருந்தோம்.”

“உப்புக்கு அடியில ஏதும் கெடந்துச்சாக்கா?”

“சாம்பல் மாதிரி கெட்டியா இருந்துச்சு. சொரண்டிக் கழுவித்தான குடுத்தேன்.”

“கழுவி எங்க ஊத்துனீக?”

“இந்த முருங்கை மரத்து மூட்டுலதான்.”

இளையவள் கட்டை மடியிலிருந்து இறக்கவில்லை. அதன்மேல் இருந்த கைகளை மட்டும் எடுத்துக்கொண்டாள்.