பஞ்சவர்ணம் பொட்டல்

"என் பொண்டாட்டியை வெளிய அனுப்புய்யா! கூட்டிட்டுப் போகணும்!" என்று காத்தமுத்து பெண்கள் கல்லூரி வாசலில் நின்று கத்தினானாம். மேலெல்லாம் கரி. பின்னால் மாட்டுவண்டி. காவல்காரர் பயந்துபோய்க் கேட்டைப் பூட்டிவிட்டாராம்.

இது நடந்து ரொம்பக் காலம் ஆச்சு. அப்போ நம்ம வெட்டுக்குளத்தில் கரண்டும் கிடையாது, பஸ்ஸும் கிடையாது. கருவேல மரத்தை வெட்டி அடுக்கி, மண் பூசி, மூட்டம் போட்டுக் கரியாக்கினால்தான் சோறு. ஆம்பளையும் பொம்பளையும் சேர்ந்துதான் வேகணும். கூலி மட்டும் ரெண்டு பேருக்கும் சேர்த்து ஆம்பளை கையில். யாரும் ஏன்னு கேட்கலையாம்.

காத்தமுத்துவுக்கு வாக்கப்பட்டவள் பஞ்சவர்ணம், டவுன்காரி. கடைசி வருசப் படிப்பு பாக்கி. கல்யாணம் முடிந்த மறுவாரமே, பரீட்சை எழுதணும் என்று ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். மாமியார் சீனியம்மா விடுவாளா?

"எலேய், மூட்டத்துக்கு ஆள் இல்ல. போய்க் கூட்டிட்டு வா. வரமாட்டேன்னா தூக்கிட்டு வா!"

அதுக்குத்தான் அவன் வந்தது.

பஞ்சவர்ணம் கேட்டுக்கு வந்தாளாம். அழவில்லை. சண்டையும் போடவில்லை.

"மச்சான், கூட்டிட்டு வான்னுதானே சொன்னாக? எப்பன்னு சொன்னாகளா?"

யோசித்தானாம். "சொல்லலையே."

"அப்ப பரீட்சை முடிஞ்சதும் கூட்டிட்டுப் போங்க."

"தனியாப் போனா ஆத்தா கொன்னுபோடுமே, புள்ள."

"அப்ப நீங்களும் போகாதீக."

போகவில்லை. அவளை அவனுக்குப் பிடித்திருந்தது, வேறென்ன? ஹாஸ்டல் அடுப்படியில் விறகு பிளக்கச் சேர்ந்துவிட்டானாம். சாயங்காலமானால் அவள் வந்து அன்றைக்குப் படித்ததைச் சொல்லுவாளாம். லாபம்னா என்ன, வட்டின்னா என்ன. பாதிதான் புரியுமாம். முழுசுக்கும் தலையாட்டுவானாம்.

சீனியம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். கடைசியில் அவளே கிளம்பி வந்துவிட்டாள்.

"பொண்டாட்டியைக் கூட்டியாரப் போனவன் அவளுக்கே விறகு பிளக்குறியாடா, மானங்கெட்டவனே!" மகனை வைத ஜோரில் மருமகள் கையை இறுக்கிப் பிடித்தாளாம். "படிச்சது போதும். நட!"

நடந்திருந்தால் படிப்பு அன்றோடு முடிந்திருக்கும். அந்த நேரம் பார்த்து ஒரு அம்மா கைப்பையோடு தனியாக வெளியே போனாளாம். சீனியம்மா பார்த்துக்கொண்டே நின்றாள்.

"யாரு இது?"

"எங்க டீச்சர், அத்தை."

"சம்பளம் உண்டா?"

"உண்டு."

"அதை யாரு கையில குடுப்பாக?"

"அவுக கையிலதான்."

"வீட்டுக்காரன் வரமாட்டானா, வாங்க?"

"அவரு எதுக்கு அத்தை? வேலை பாத்தது இவுகதானே."

"இவுக கையிலயேவா?" என்று மறுபடியும் கேட்டாளாம் சீனியம்மா. சமைஞ்ச நாளிலிருந்து மூட்டத்தில் வெந்தவள். ஒரு நாள் கூலிகூட அவள் கையைத் தொட்டதில்லை. பிடித்திருந்த பிடி தானாக விட்டுப்போச்சாம்.

"முடிச்சுட்டே வா, தாயி."

முடித்தாள். பாங்கில் அதிகாரி ஆனாள். மூட்டம் போடக் கடன் என்று ஆம்பளைகள் போய் நின்றால், "வீட்டுல மதினியை வரச் சொல்லுங்கண்ணே, வேகுறது அவுகதானே" என்பாளாம். பொம்பளைகள் போய்க் கடன் வாங்கினார்கள். தெற்கே கிடந்த பொட்டலைக் குத்தகைக்குப் பிடித்துச் சொந்தமாக மூட்டம் போட்டார்கள். அதுதான் பஞ்சவர்ணம் பொட்டல். பொண்டாட்டி கூலிக்கு எவனாவது கை நீட்டினால் கரி வியாபாரி இன்றைக்கும் கேட்கிறார்: "ஏம்ப்பா, பொட்டல் வழியாத்தானே வந்த? பேரு தெரியாதா?"

காத்தமுத்து கதையையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குக் கிளம்பும்போது சீனியம்மா மகனைப் பார்த்துச் சொன்னாளாம்.

"அவ படிக்கட்டும். நீ வண்டியைப் பூட்டு. ஊருக்கு வா."

அவன் கோடாலியைக் கீழே வைக்கவே இல்லையாம்.

"இன்னைக்குக் கூட்டுவட்டி சொல்லித்தர்றேன்னிருக்கா, ஆத்தா. பாதியில விட்டுட்டு எப்படி வர்றது?"

மாடு பாட்டுக்கு வைக்கோல் தின்றதாம். வண்டியை அவன் பூட்டவில்லை.