களஞ்சியச் சுவரில் ஒரு பெயர்

செஞ்சிக் கோட்டை உச்சியில் நின்று தாம்பரத்தையே பார்த்தவன் நான். பொய். நான் ஓட்டும் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கவே எனக்குச் சோம்பல். கோட்டையைக் காலண்டரில் பார்த்ததோடு சரி.

இன்று தாம்பரத்தில் செஞ்சி வழியாகப் போகும் திருவண்ணாமலை பஸ்ஸுக்கு நின்ற பெரியவர், வேறு பஸ்ஸுக்குக் காத்திருந்த டீச்சரிடம் சொன்னார்:

“செஞ்சிக் கோட்டைல எங்க வூட்டுக்காரி பேரு கீதும்மா.”

“ராணியா சார்?”

“ஆணியால கீறினா. கல்யாணமான புதுசு. நெல்லு கொட்டி வெச்ச களஞ்சியம் கீதே, அந்தச் சுவத்துல. அடுத்து என் பேரைக் கீறப் போனா, வாட்ச்மேன் வந்துட்டான், ஓடிட்டோம். இப்ப அவ இல்ல. அந்தப் பேரையாவது பாத்துட்டு வரலாம்னு.”

டீச்சர் தயங்கினார். “போன மாசம் பசங்களைக் கூட்டிட்டுப் போனேன் சார். கிறுக்கலை எல்லாம் சுத்தம் பண்ணிட்டாங்க. அங்க ஒரு பேரும் இல்லை.”

பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நல்லதுதான். கோட்டைய அப்டித்தான் வெச்சுக்கணும்.”

பஸ் வந்தது. வீட்டுக்குத் திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். ஏறினார்.

“சார், அதான் ஒண்ணுமே இல்லையே?”

“எந்த எடம்னு எனக்குத் தெரியும்மா.”

ஜன்னலோர சீட்டைக் காலியாக விட்டு அடுத்ததில் உட்கார்ந்து, அந்தக் காலி சீட்டில் பையை வைத்தார். அப்புறம் டீச்சர்...

“அண்ணா, ஆட்டோ ராஜகீழ்ப்பாக்கம் வருமா?”