வரும்போது கேட்காதது

— அதனாலதாங்க சொல்றேன். நாளைக்குக் காலையில டியூட்டிக்குப் போறப்பவே துணிப்பைய எடுத்துகினு போறேன். சாயங்காலம் நேரா அக்கா வூடு.

— அப்பா வூட்டுக்கா? இப்ப எதுக்கு?

— இன்னா சொன்னீங்க?

— எதுக்கு அப்பா வூட்டுக்குன்னு கேட்டேன். அந்த ஏரியல் ஒயர கொஞ்சம் தூக்கிப் புடி சுதா, மாடியில நடக்கறப்ப காலுல மாட்டுது.

— எங்கப்பா செத்து மூணு வருஷம் ஆவுது. கருமாதிக்கு நீங்கதான முன்ன நின்னீங்க! நான் அக்கா வூடுன்னேன். அக்கா! வில்லியனூர்ல கீறாளே கஸ்தூரி, அவ வூடு. செத்த மனுஷன வெச்சா கிண்டல் பண்ணுவீங்க?

— ஓ, அக்காவா... தோ பாரு, நான் கிண்டல் பண்ணல. காதுல சரியா வுழல. காத்து அடிக்குது இல்ல?

— எங்க அடிக்குது? ஒரு தென்னமட்ட ஆடல.

— மில்லுல நாள் பூரா மெஷின் பக்கத்துல நின்னுட்டு வரேன். மண்ட கிர்ருங்குது. சரி, அக்கா வூட்டுக்கு எதுக்கு? அவங்களுக்கு ஒடம்பு முடியலையா?

— அவ நல்லாதான் கீறா. எனக்குத்தான் முடியல. ஆஸ்பத்திரி ஓ.பி. கவுண்டர்ல காலையிலேர்ந்து பேரு இன்னா, வயசு இன்னான்னு கத்திட்டு, அரியூர்லேர்ந்து ரெண்டு பஸ் மாறி பாகூர் வரேன். வந்தா பேச ஒரு ஆளு வாணாமா? பாப்பா ஹாஸ்டலுக்குப் போனதுலேர்ந்து இந்த வூட்ல நான் செவுத்துகிட்டதான் பேசறேன்.

— நான் இன்னா ஊமையா? இப்ப பேசறேனே.

— இப்ப மூஞ்சிக்கு நேரா வந்து நிக்கறேன், பேசறீங்க. அடுப்படியிலேர்ந்து கூப்புட்டா? நேத்து எத்தினி தபா கூப்புட்டேன்? தலையத் தூக்கல. ஒங்க ரேடியோ கூட்டாளி சேவியர் அண்ணன் தெருவுலேர்ந்து ஒரு சத்தம் குடுத்தாரு, லுங்கிய மடிச்சிக்கட்டிகினு ஓடறீங்க.

— அவன் கூப்புட்டது கேட்டுச்சு, போனேன். நீ கூப்புட்டது கேக்கல சுதா. நீயும் முன்ன மாதிரி பேசறதில்ல. எதுவா இருந்தாலும் வாய்க்குள்ளயே முனகற. இன்னா கோவமோன்னு நானும் வுட்டுடறேன்.

— நான் முனகறேனா? தெருக்கோடி வரைக்கும் கேக்குது என் கொரலு! ஒங்களுக்கு மட்டும் முனகலா? சலிச்சுப்போச்சுன்னு சொல்லிடுங்க. கேட்டுக்கறேன். தெனம் தெனம் இப்பிடி நிக்கறதுக்கு அது மேலு.

— சலிப்பா... எனக்கு எல்லாமே சலிச்சுதான் கீது. இன்னிக்கும் வரலன்னா இந்த ஏரியல இறக்கிட்டு ரேடியோவ சேவியர்கிட்டயே குடுத்துடலாம்னு கீறேன்.

— எது வரல?

— அந்தக் காலேஜ் பசங்க சாட்டிலைட்டுதான். செங்கல்லு சைஸுல ஒண்ணு செஞ்சு மேல வுட்டாங்கன்னு சொன்னேனே. தன் பேரையும் பேட்டரி எவ்ளோ கீதுன்னும் பீப் பீப்னு மோர்ஸுல, அதான் தந்தி பாஷையில, தட்டிகினே போவும். போன வருஷமெல்லாம் எந்த சாட்டிலைட்டு வந்தாலும் மொதல்லேர்ந்து எழுதுவேன். இப்ப பாதி வானம் தாண்டற வரைக்கும் ஒண்ணும் இல்ல. கெளம்பிப் போறப்பதான் எட்டிப் பாக்குது.

— சேவியர் அண்ணனுக்கு?

— பனித்திட்டுல அவன் வூட்ல ஜம்முனு வருதாம். அப்ப என் செட்டுலதான கோளாறு? கேபிள் மாத்திட்டேன், சால்டர் வெச்சு ஒட்டிப் பாத்துட்டேன். உன் தென்னமரம்தான் மறைக்குதுன்னு பக்கத்து வூட்டு தையலம்மாகிட்ட சண்டகூட போட்டேன்.

— அட சாமி! அதான் அந்தம்மா என்னப் பாத்தா மூஞ்சிய திருப்பிகினு போவுதா? ஒரு ரேடியோவுக்காக ஊர் பகையும் சம்பாரிச்சாச்சு.

— வுடு சுதா. எனக்கும் தெம்பு இல்ல.

— அதோட பேட்டரி எவ்ளோ கீதுன்னு கேக்க மாடி ஏறறீங்க. கீழ ஒருத்தி கீறாளே, அவளுக்கு எவ்ளோ மிச்சம் கீதுன்னு என்னிக்காச்சும் கேட்டீங்களா?

— ...நேரமாச்சு. இப்ப வர்ற நேரம். அந்த ஸ்பீக்கர கொஞ்சம் கூட்டேன். நான் கடல் பக்கமா ஏரியல புடிக்கறேன்.

— கூட்டிட்டேன். ...ஏங்க, வந்துடுச்சே.

— இன்னாது?

— வந்துடுச்சுங்க! காதக் குத்துது.

— எங்க வந்துச்சு? வெறும் இரைச்சல்தான் வருது. வெளயாடாத.

— நான் எதுக்குங்க வெளயாடறேன்? கீ... கீ, கீன்னு கத்துது. நீட்டி ஒண்ணு, நறுக்குனு ரெண்டு. ஒங்களுக்குக் கேக்கல?

— ஒண்ணும் இல்ல. இன்னிக்கும் போச்சு. இறக்கிடலாம்.

— இருங்க. அந்தப் பக்கமே பாருங்க. ...ஏங்க. ...ஏங்க, ஒங்க முதுகுக்குப் பின்னாடிதான் நிக்கறேன். ...நாளைக்குப் போனா நான் திரும்பி வரமாட்டேங்க. ...கேக்குதா?

— ஆங், கேக்குது கேக்குது! தோ பாரு சுதா, இப்ப வந்துடுச்சு!

— ...இப்பத்தான் வந்துச்சா?

— இப்பதான். இன்னா சுத்தமா வருது பாரு!

— அது அப்பலேர்ந்து இதேதாங்க சொல்லிகினு கீது. கொரல்தான் இப்ப தடிச்சுப்போச்சு.

— அது அப்பிடித்தான். நம்மளப் பாத்து வரும்போது கீச்சுனு இருக்கும். தாண்டிப் போவப் போவ கொரல் எறங்கிடும். ரயிலு ஹாரன் அடிச்சிகினு போவும்போது கேட்டதில்ல? அந்த மாதிரி. ...பேட்டரி நல்லாதான் கீது. பாவம், அதுக்கு ஒரு கொறையும் இல்ல. ...ஏய், இன்னா ஆச்சு? எதுக்கு அழுவற?

— ஒண்ணும் இல்ல. என் கொரலும் கீச்சுதானங்க. எனக்காக அந்தப் பக்கம் ஒரு தபா திரும்பி நில்லுங்க.

— மறுபடியுமா? அதான் போயிடுச்சே.

— நில்லுங்கன்னா நில்லுங்க.

— சரி, நின்னுட்டேன். இன்னா?

— நான் எங்கயும் போவல.

— போவலயா? அப்பாடா... அத எதுக்குடி ஆம்பள மாதிரி தொண்டைய எறக்கிகினு சொல்ற?