பட்டமரம் துளிர்த்த பங்குனி

முன்ன முன்ன, இந்த மலைக்கு பஸ்ஸு ரோடு வாரதுக்கு ரொம்ப முந்தி, மலையடியில தலையூத்து தலையூத்துன்னு ஒரு ஊரு இருந்துச்சாம். இருந்துச்சாம் என்ன, இப்பவும் இருக்கு. நீங்க உக்காந்திருக்கது அந்த ஊருதான். காலையிலேருந்து ரெண்டு பேரும் கழுத்துல குழாய்க் கண்ணாடியத் தொங்கவிட்டுக்கிட்டு இந்தப் பட்டமரத்தையே அண்ணாந்து பாத்துக்கிட்டு இருக்கிய. மரம் செத்து நாலு வருசமாச்சே, ஏன் இன்னும் வெட்டாம வச்சிருக்கியன்னு கேட்டிய. அத ஒத்த வார்த்தையில சொல்ல முடியாது. கதையாத்தான் சொல்ல முடியும். நான் சொல்லுதேன், நீங்க ஊங் கொட்டணும். ஊங் கொட்டலன்னா நிறுத்திருவேன், எனக்கு அந்தக் கோவம் உண்டு.

அந்த ஊர்ல முப்பிடாதி முப்பிடாதின்னு ஒருத்தி இருந்தாளாம். எங்க ஆச்சிக்கு ஆச்சிக்கு அம்மை. இருவது இருவத்திரெண்டு வயசு, இடுப்புல ஒரு பொம்பளப் புள்ள. நல்ல வேலைக்காரி. ஆனா அவகிட்ட ஒரு பழக்கம், எதைப் பாத்தாலும் ஏன்னு கேப்பாளாம். மார்கழியில கெணத்துத் தண்ணி ஏன் சூடா இருக்கு? ஓணான் எதுக்குத் தலைய ஆட்டுது? எறும்பு எதுக்கால வந்த எறும்புகிட்ட நின்னு என்னத்தப் பேசுது? மாமியாக்காரி உச்சிமாகாளிக்கு இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சாம். ஊர்ல அவளுக்குப் பேரே ஏன்முப்பிடாதி.

அவ புருசன் பூலுடையான். மலையில பாறைத்தேன் எடுக்குத ஆளு. ஒத்த மூங்கில்ல கணுவுக்குக் கணு கால் வைக்க எடம் விட்டு வெட்டின ஏணி ஒண்ணு, காட்டுக்கொடியில முறுக்கின கயிறு ஒண்ணு, அம்புட்டுத்தான் அவன் சொத்து. ஒரு பங்குனி மாசம், கூடப் போற ஆளுக்குக் காய்ச்சல்னு இவன் தனியாப் பொறப்பட்டானாம். மூணு நாள்ல வந்துருதேன்னு சொன்னானாம். புள்ளைய ஒரு தடவ தூக்கிப் பாத்தானாம், போனானாம்.

மூணு நாளாச்சு, வரல. நாலு நாளாச்சு, வரல. அஞ்சாம் நாள் ஊர்ல பத்துப் பேரு மலையேறிக் கூவிக் கூவிப் பாத்தாவளாம். அந்த நேரம் பாத்துக் கோடைமழை பிடிச்சுச்சு பாருங்க, ஓடையெல்லாம் பெருகி, கால்தடமெல்லாம் அழிஞ்சு, கைக்கெட்டுன தூரம் தெரியாம மூடிப்போச்சாம். ரெண்டு நாள் தேடிட்டு, நனைஞ்ச கோழி மாதிரி எறங்கி வந்தாவளாம். ஊங் கொட்டுங்க.

வர்ற வழியில, இதோ இந்த வாய்க்கா மேட்டுல, அப்ப ஒரு நாவமரம் நின்னுச்சாம். இடி விழுந்து பட்டுப்போன மரம். ஒரு பச்சை கெடையாது, வெறும் கொம்பு. பொழுது எறங்குத நேரம், ஊர்ப்பெரியவரு சப்பாணிமுத்து முன்னால வாராரு. அண்ணாந்து பாக்காரு. மரம் பூரா எலையாம். கொம்புக்குக் கொம்பு சின்னச் சின்னதா, பச்சைப் பசேர்னு எலை தொங்குதாம். கண்ணக் கசக்கிக்கிட்டுப் பாக்காரு, எலைதான். பத்துப் பேரும் பாக்காவ, எலைதான்.

சப்பாணிமுத்து கையெடுத்துக் கும்பிட்டாராம். "பட்டமரம் துளுத்துட்டுல்லா. போன ஆளு உசுரோட இருக்கான். அவனாத் திரும்பி வருவான்"னு சொன்னாராம்.

சொன்ன வார்த்தை ஊருக்குள்ள ஓடுதது எம்புட்டு நேரம்? உச்சிமாகாளி ஓடி வந்தா. பாத்தா. மவன் வீட்டுவாசலுக்கே வந்துட்ட மாதிரி குலவையிட்டாளாம். மரத்தடியில வெளக்கு வச்சா, பச்சரிசி பொங்கிப் படைச்சா. காலையில பாத்தா மரம் பழையபடி மொட்டையா நிக்கி. அந்தியில திரும்பவும் எலை. சாமி அந்திக்கு மட்டும் வந்து காட்டிட்டுப் போவுதுன்னு அதுக்கும் ஒரு நியாயம் சொல்லிக்கிட்டாவளாம். அப்பொறம் மலைக்கு யாரு போவா? மழை விட்டுருச்சு, வெயில் அடிக்கி, ஓடை வடிஞ்சிருச்சு. ஒருத்தரும் போவல. அவன்தான் வருவான்லா, நாம எதுக்குப் போய்க் காடு பூரா சீரழியணும்னு இருந்துட்டாவளாம். இந்த எடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு எங்க ஆளுக மேலயே கோவமா வரும். என்ன செய்ய, நம்ம ரத்தம்தான.

முப்பிடாதிக்கும் ஆசைதான். புருசன் வருவான்னா எந்தப் பொம்பளைக்கு நம்ப ஆசை இருக்காது? மொத நா அந்தியில அவளும் கும்பிட்டாளாம். மறுநா காலையில மரத்தடியக் கூட்டப் போனவ, வெளக்குமாத்தக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டாளாம். கூட்டுததுக்கு ஒண்ணுமில்ல. அம்புட்டு எலை உதிந்திருந்தா தரையில கெடக்கணுமே, எங்க போச்சு? எலை ஒண்ணு கூட இல்ல. அங்கங்க வெள்ளையா எச்சம். அப்பொறம் நூல் மாதிரி நீளமா ஒரு எலைக் கீத்து. எடுத்துப் பாக்கா, அது நாவ எலை இல்ல, புங்க எலை. ஓரத்தச் சீராக் கத்திரிச்சு எடுத்த மாதிரி இருக்கு. நாவமரத்துல புங்க எலை எப்படி மொளைக்கும்?

மாமியாக்கிட்ட கேட்டாளாம். "ஏட்டி, எம்புள்ள வரப்போறான். நீ உன் ஏன் கேள்விய அடுப்புல போடு"ன்னு அவ சத்தம் போட்டாளாம்.

ரெண்டாம் நா அந்தியில முப்பிடாதி கும்பிடாம பாத்துக்கிட்டு இருந்தாளாம். காத்தடிக்கி. பக்கத்துப் புங்கமரத்துல எலையெல்லாம் சலசலங்குது. பட்டமரத்து எலை மட்டும் சத்தமே போடல. அது மட்டுமா, ஒரு எலை கொம்பு மேலயே கொஞ்சம் நவுந்து, அடுத்த எலைய நெருங்கித் தொங்குச்சாம். ஏறிப் பாத்தாத் தெரிஞ்சிரும். தெரிஞ்சுட்டா, புருசன் வருவான்னு சொல்லுத எலை போயிரும். பாக்காம இருந்துட்டா, நாளைக்கும் எலை இருக்கும். அன்னைக்கி ராத்திரி பூரா அவ உறங்கலன்னு சொல்லுவாவ. கேக்கிய தான? சரி.

மூணாம் நா அந்தி. வீட்டு எறவானத்துல புருசன் சொருவி வச்சிருந்த பழைய ஏணி ஒண்ணு இருந்துச்சாம். அதை எடுத்தாந்து மரத்துல சாத்தினாளாம். ஊரே கூடிப்போச்சு. பொம்பள மரமேறலாமா, சாமி மரத்துல கால் வைக்கலாமான்னு ஆளாளுக்குப் பேசுதாவ. உச்சிமாகாளி தரையில அடிச்சு அழுதாளாம். முப்பிடாதி சேலைய இழுத்துச் சொருவினா. கணுவுக்குக் கணு கால வச்சு ஏறினா. மூச்சக்கூட மெல்ல விட்டு ஏறினா. கொம்புகிட்டப் போயி, கைய நீட்டி ஒரு எலையத் தொட்டாளாம்.

எலை சூடா இருந்துச்சாம்.

உள்ளங்கைக்குள்ள படபட படபடன்னு அடிக்கி. ஒத்த எலையப் பறிச்சு மூடின கையோட எறங்கி வந்தா. மாமியா முன்னால நின்னு கைய விரிச்சா. சிட்டுக்குருவி பருமன்ல ஒரு கிளி. வால் கட்டை, மூக்கு செவப்பு, முதுகுக் கீழ செக்கச் செவேர்னு ஒரு திட்டு, தொண்டையில நீலமா ஒரு பொட்டு. ஒரு நொடி எல்லாத்தையும் பாத்துச்சாம். விர்ருன்னு போயிருச்சாம்.

உங்களுக்குத்தான் தெரியுமே, இந்தக் கிளி தலைகீழாத் தொங்கித்தான் உறங்கும். வவ்வாலுக்கு அடுத்தாப்ல இதுதான். முள்முருங்கப் பூவுல தேன் குடிக்கும், தென்னையில கலயம் கட்டியிருந்தாக் கள்ளுலயும் வாய வைக்கும், குடிச்சிட்டுத் தள்ளாடும். எலையக் கீத்துக் கீத்தாக் கத்திரிச்சு, முதுகுச் செறகுல சொருவிக்கிட்டுப் பறந்து போயி, பட்டமரப் பொந்துல மெத்தை போடும். அந்த வருசம் மேல காட்டுல எவனோ காப்பித் தோட்டம் போட வந்தவன் பெரிய மரத்தையெல்லாம் சாய்ச்சுப்புட்டானாம். பொந்து இருந்த மரமெல்லாம் போச்சு. எங்க போவும் அது? கூட்டமா எறங்கி ஒரு மாசத்துக்கு முந்தியே அந்த நாவமரத்துக்கு வந்துருச்சு, அந்தியில அண்ணாந்து பாக்கத்தான் ஆளில்ல. அதுக்கு முந்தி எங்க ஆளுக அதை அம்புட்டுக் கிட்டத்துல பாத்ததே கெடையாதாம்.

ஊரே கிளி பறந்த பக்கம் பாத்துக்கிட்டு நிக்கி. உச்சிமாகாளி மட்டும், "அப்ப எம்புள்ள?"ன்னு கேட்டாளாம். "நாளைக்கு விடியமுன்ன மலைக்குப் போணும் மாமா. நானும் வருவேன்"னு முப்பிடாதி சப்பாணிமுத்துகிட்ட சொன்னாளாம். அவரு சரின்னு தலைய ஆட்டினாராம்.

போனாவ. வெயில் நல்லா இருக்கு, வழி தெளிவா இருக்கு. உச்சிப்பொழுதுக்கு முந்தியே கண்டுபிடிச்சிட்டாவளாம். தேன்பாறைக்குக் கீழ ஒரு சுனை. சுனையோரத்துல பூலுடையான் பாறையில சாஞ்சு உக்காந்திருக்கான். வலது தொடை ஒடிஞ்சு வீங்கிக் கெடக்கு. பக்கத்துல சப்பித் துப்பின மெழுகு. தண்ணியும் தேனுமா அத்தன நாளும் உசுரக் கையில பிடிச்சிருக்கான். முன்னால சுள்ளி போட்டுத் தீ வளத்திருக்கான், பொகையப் பாத்தாவது ஆளு வரும்னு. முப்பிடாதி மொதல்ல அவன் மூஞ்சியத் தொட்டாளாம், சில்லுன்னு இருந்துச்சு. அப்பொறம் சாம்பலத் தொட்டாளாம். சாம்பல் சூடா இருந்துச்சு.

முந்தின நா அந்தியில கிளியத் தொட்டப்ப உள்ளங்கையில இருந்த சூடும் அதே சூடுதான்னு அவ சாகுறவரைக்கும் சொல்லுவாளாம். ஊங் கொட்டாட்டியும் பரவால்ல. இந்த எடத்துல யாரும் கொட்ட மாட்டாவ.

தூக்கியாந்து அடக்கம் பண்ணியாச்சு. மறுநா காலையில சப்பாணிமுத்து கோடாலியோட வந்து நாவமரத்தடியில நின்னாராம். மனுசன் உறக்கமில்லாமக் கண்ணு செவந்து கெடக்காரு. பொய் சொன்ன மரம், இது நிக்கக்கூடாதுங்காரு. வெட்டு வெட்டுன்னு உச்சிமாகாளியும் கத்துதா. ஊரும் சேந்து கத்துது. ஒருத்தர் மேல ஒருத்தர் காட்ட முடியாத கோவத்த மரத்து மேல காட்டணும்லா.

முப்பிடாதி புள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு மரத்துக்கு முன்னால போயி நின்னாளாம்.

"மரம் ஒண்ணும் சொல்லல மாமா. கீழ நின்னுக்கிட்டு நாமதான் சொன்னோம். ஏறிப் பாத்தியளா?"

அவரு ஓங்கின கோடாலிய எறக்கல. எறக்காம நிக்காரு. அவ மாமியாக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து, "அத்தே, காத வைங்க"ன்னாளாம். உச்சிமாகாளி மாட்டேன்னா. பெறவு என்ன நெனைச்சாளோ, மரத்துல காத வச்சா. உள்ள சின்னதா, மெல்லிசா, கீச்சு கீச்சுன்னு சத்தம். குஞ்சு. பசியில கத்துது. உச்சிமாகாளி ரொம்ப நேரம் காத எடுக்கலையாம். கண்ணுலேருந்து பொலபொலன்னு தண்ணி மரப்பட்டையில எறங்குது. அப்பொறம் திரும்பி ஊரப் பாத்தாளாம்.

"ஆயிக்காரி எரை தேடப் போயிருக்கா. அவ வரும்போது வீடு இங்கன இருக்கணும்யா"ன்னு சொன்னாளாம்.

சப்பாணிமுத்து கோடாலியக் கீழ போட்டுட்டு அங்கனயே குத்தவச்சு உக்காந்து, சின்னப்புள்ள மாதிரி அழுதாராம்.

அன்னையிலேருந்து தலையூத்துல இந்தக் கிளிக்குப் பேரு அந்தி எலை. பட்டமரத்த வெட்டணும்னா, மொதல்ல கோடாலிப் பின்பக்கத்தால மூணு தட்டு தட்டணும். தட்டிட்டு, வீட்டுல மூத்த பொம்பளை ஒருத்தி ஒரு வெத்தலை மென்னு முடிக்கிற நேரம் மரத்துல காத வச்சுக் கேக்கணும். உள்ள சத்தம் இருந்தா மரத்தச் சுத்திப் புங்க எலையில ஒரு சரம் கட்டிட்டு வந்துருவோம். ஆடி முடியிறவரைக்கும் ஒருத்தரும் தொட மாட்டாவ. பெறவு அடுத்த வருசமும் தட்டுவோம். இப்படித்தான் ஒண்ணு விழுந்தா ஒண்ணுன்னு இந்த மேட்டுல எப்பவும் ஒரு பட்டமரம் நிக்கி. அதே மாதிரி, எவனாவது அங்க அப்படியாம், இங்க இப்படியாம்னு ஊருக்குள்ள பேச்சக் கொண்டாந்தா, சின்னப்புள்ளைக்கூட ஏறிப் பாத்தியான்னுதான் கேக்கும்.

நெசமான்னு உங்க மூஞ்சி கேக்குது. நான் என்னத்தக் கண்டேன், நானும் ஏறிப் பாக்கல. எங்க ஆளுக சொன்னாவ, சொல்லுதேன். அப்ப இந்தக் கிளி மரம் தெரியாம மூடித் தொங்குமாம். நான் சின்னவனா இருக்கையில முப்பது நாப்பது பாத்திருக்கேன். சுத்துப்பட்டுல தோட்டக்காரன் எவனும் பட்டமரத்த நிக்க விடல, அது எங்க போயிக் குஞ்சு பொரிக்கும்? நேத்து அந்தியில நீங்க எண்ணிட்டு நோட்டுல பதினொண்ணுன்னு எழுதினிய. தப்புன்னு சொல்லல. ஆனா கீழ நின்னுதான எழுதினிய?

அந்த நோட்ட மூடுங்க. செருப்பக் கழட்டிட்டு இங்கன வாங்க. தாயி, நீதான் பொம்பள, நீ மொதல்ல வா. இந்தப் பக்கமா, பட்டை உரிஞ்சிருக்கு பாரு, அங்க காத வையி. தம்பி, நீ இப்ப ஊங் கொட்டாத. மூச்ச மெல்ல விடு.

கேக்குதா?