‘விட்டார்’ என்ற ஒரு வினைச்சொல்

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக நெடுநாள் பணியாற்றி இன்று ஓய்வுபெறும் பண்பாளர் திரு. ச. வல்லிநாயகம் அவர்களுக்கு அலுவலர்கள் அன்புடன் அளிக்கும் மடல்

சாட்சிக் கூண்டில் பிறந்த தமிழைச் சிந்தாமல் சிதறாமல் ஆங்கிலத்தில் சேர்ப்பித்த செம்மலே, ஆங்கில வினைச்சொற்களின் அகமும் புறமும் அறிந்த அறிஞரே, ‘அண்ணாச்சி’ என்று அழைத்தால் மட்டும் அரைப் புன்னகை பூக்கும் ஐயா அவர்களே, வணக்கம்.

‘பார்த்தேன்’ என்று சாட்சி சொன்னால் எங்களுக்கு அது ஒரு சொல், தங்களுக்கோ மூன்று. தானாகக் கண்ணில் பட்டால் ‘ஸீ’, திரும்பிப் பார்த்தால் ‘லுக்’, கவனித்துக்கொண்டே இருந்தால் ‘வாட்ச்’ என்று பிரித்து வைப்பீர்கள். தாங்கள் ‘ஸீ’ என்றதைக் கேட்ட இலத்தூர் முப்பிடாதியம்மாள், “உண்மையத்தான சொல்லுதேன், என்னப் பாத்து எதுக்கு ஐயா சீங்குதிய?” என்று கூண்டிலேயே கோபித்துக்கொண்டார். நீதிபதியும் சிரித்தார்; தாங்கள் மட்டும் சிரிக்கவில்லை.

எங்களையும் தாங்கள் விட்டுவைக்கவில்லை. விடுப்பு கேட்க வேண்டிய நகலெழுத்தர் நல்லதம்பி, ‘லீவ் வேண்டும்’ என்பதற்குப் பதிலாக ‘நாளை முதல் லீவ் செய்கிறேன்’ என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டார். “என்னவே, கோயில் கொடைக்குப் போயிட்டு வருதீரா, இல்ல வேலைய விட்டே போறீரா?” என்று தாங்கள் கேட்டதும் மனிதர் விண்ணப்பத்தைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டார். அன்று வயிறு வலிக்கச் சிரித்த நாங்கள், ‘விட்டு’ என்பது எத்தனை பாரமான சொல் என்பதை 1951ஆம் ஆண்டுக் குற்றாலச் சாரல் பருவத்தில்தான் அறிந்தோம்.

ஐந்தருவியில் திடீரென்று வெள்ளம் வந்த நாளில், சுந்தரபாண்டியபுரத்துத் தளவாய் தம் மைத்துனரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மைத்துனரை வெள்ளம் அடித்துச் சென்றது, உடல்தான் கிடைத்தது. இருவருக்கும் வரப்புத் தகராறு இருந்ததால் தளவாய் மீது கொலைப்பழி விழுந்தது. கண்ணால் கண்ட சாட்சி, அருவியோரம் பழக்கடை வைத்திருந்த பேராச்சி ஒருவர்தான்.

“கையப் பிடிச்சிட்டுத்தான் நின்னாரு. பொறவு விட்டுட்டாரு ஐயா” என்றார் பேராச்சி.

தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட நீதிபதி, தங்கள் ஆங்கிலத்துக்காகப் பேனாவுடன் காத்திருந்தார். ‘லெட் கோ’ என்று சொல்லியிருந்தால், தளவாய் வேண்டுமென்றே கையை விட்டதாகப் பதிவாகியிருக்கும். ‘லாஸ்ட் ஹோல்டு’ என்றிருந்தால், பிடி நழுவியதாக ஆகியிருக்கும். தூணோரம் மங்களேஸ்வரி நின்றுகொண்டிருந்தார். இறந்தவர் அவருடைய அண்ணன். குற்றவாளிக் கூண்டில் நின்றவர் கணவர். தாங்கள் இரண்டு சொல்லையும் சொல்லவில்லை. சாட்சியின் பேச்சுக்கு இரு பொருள் உண்டு, எது என்று கேட்க அனுமதி வேண்டும் என்றீர்கள். அனுமதி கிடைத்தது.

“அவராவா விட்டாரு? தண்ணி இழுக்குதுல்லா, கை வழுக்கி விட்டுப்போச்சு. இவரும் பின்னாலயே பாஞ்சாரு. நாந்தான் பிடிச்சு நிறுத்துனேன்” என்றார் பேராச்சி.

தளவாய் வீடு திரும்பினார். அன்று தாங்கள் இரக்கப்பட்டு ஒரு நல்ல சொல்லைத் தேர்ந்தெடுத்திருக்கலாம். அதைச் செய்யாமல், கேட்டுத் தெரிந்துகொண்டு சொன்னீர்கள். தங்களிடம் நாங்கள் பெரிதும் மதிப்பது அதைத்தான்.

இம்மடலை ஆங்கிலத்தில் எழுத எங்களுக்குத் துணிவில்லை. எழுதியிருந்தால் மாலை சூடும் முன்பே திருத்திக் கையில் கொடுத்திருப்பீர்கள். துணைவியார் இராமலட்சுமி அம்மையாருடன் நோயற்ற உடலும் நிறைந்த மனமும் பெற்று, சாரல்தோறும் குற்றாலத்தில் குளித்து, பேரன் பேத்திகளின் இலக்கணத்தையும் விட்டுவைக்காமல் பல்லாண்டு வாழ வேண்டுகிறோம்.

தங்களைப் பிரிவது எங்களுக்கு வருத்தமாகவே இருக்கிறது. இத்தனை ஆண்டுகள் பற்றியிருந்த கையை இன்று ஏன் விட்டீர்கள் என்று தாங்கள் கேட்டால், பேராச்சி சொன்னதையே நாங்களும் சொல்வோம்: “நாங்களாவா விட்டோம் ஐயா? காலம் இழுக்குதுல்லா.”

தங்கள் அன்பை விடாத
நீதிமன்ற அலுவலர்கள்
தென்காசி
30.6.1962