மாடியில் இன்னும் முடியவில்லை

தாமல் ஊருக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். வளைகாப்புக்குப் போய்விட்டு வருகிறார்கள்; இருவர் மடியிலும் தாம்பூலப் பை.

"எங்க மாமனாருக்கு மட்டும் கொரோனா இன்னும் முடியலமா," என்றாள் ஜன்னலோரத்துப் பெண்.

"காய்ச்சலா?" என்றாள் மற்றவள்.

"அதெல்லாம் இல்ல, நல்லாத்தான் இருக்குறாரு. வயசானவராச்சேன்னு அப்ப மாடில வெச்சோம். தட்டைக் கதவாண்ட வெச்சிட்டு வந்துடுவோம். அப்படியே பழகிடுச்சி."

"கீழ வரேன்னு கேக்க மாட்டாரா?"

"கேப்பாரு. ஊர்ல இன்னும் பரவிக்கினுதான் இருக்குது மாமான்னு சொல்லிடுவேன். போன திருவிழாவப்ப தெருவுல மேளச் சத்தம் கேட்டுட்டு, 'சாமியே வெளிய வந்துட்டாரு, நான் வரக்கூடாதாமா'ன்னாரு."

"நீ என்னா சொன்ன?"

"சாமிக்கு சுகர் இருக்குதா மாமான்னு கேட்டேன். அதோட சரி. இப்பல்லாம் அவரு பேசறதே இல்ல. வயசாச்சில்ல."

மற்றவள் மடியிலிருந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனசு கஷ்டப்பட்டிருக்கும் என்று நினைத்தேன். பையிலிருந்த லட்டைப் பிட்டு, பாதியை ஜன்னலோரத்துப் பெண்ணிடம் நீட்டினாள்.

"நீ குடுத்து வெச்சவ. எங்க மாமியாரை வெக்கறதுக்கு எங்க வீட்டுல மாடி இல்லியேமா."