ஒரே மாதிரி ரெண்டு பேட்

மாப்பிள்ளையையும் பொண்ணையும் பத்தி நல்லதெல்லாம் முன்னாடி பேசுனவங்களே பேசிட்டாங்க... எனக்கு ஒண்ணும் மிச்சம் வைக்கல. பந்தியில இலை போட்டாச்சுன்னு அங்கிருந்து ஒருத்தர் கை காட்டிக்கிட்டே இருக்காரு. அதனால சின்னதா ஒரு கதையச் சொல்லிட்டு எறங்கிடுறேன். சோறு ஆறுறதுக்குள்ள முடிச்சிடலாம்... சரியா?

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு காலனி. நடுவுல ஒரு ஷட்டில் கோர்ட். அந்தக் காலனியில ஒரே வீட்ல மதினியும் நாத்தனாரும். மதினி பேரு செல்வக்கனி. நாத்தனார் பேரு ஜெபராணி, செல்வக்கனி வீட்டுக்காரரோட தங்கச்சி. ரெண்டு பேருக்கும் ஷட்டில்னா உசிரு. பிரமாதமா ஆடுவாங்களா? அப்படிச் சொல்ல முடியாது. மோசமா ஆடுவாங்களா? அதுவும் இல்ல. நடுவாந்திரம்... இங்க உக்காந்திருக்கிற நம்மள்ல முக்காவாசிப் பேரு மாதிரி.

சாயங்காலம் ஆறுலருந்து ஏழு வரைக்கும் கோர்ட் பொம்பளைங்களுக்கு. நாள் முழுக்க வீட்டுக்கும் ஆபீசுக்கும் ஓடுறவங்களுக்கு, சொந்தம்னு சொல்லிக்க அந்த ஒரு மணி நேரந்தான். காலனி செயலாளர் தனசிங்குக்கு அது கண்ணை உறுத்திச்சு. மீட்டிங்ல எந்திரிச்சு சொல்லிட்டாரு: "நல்லா ஆடுறவங்களுக்குத்தான் கோர்ட். ஆண்டு விழாவுல நானும் எங்க அண்ணனும் ஜோடியா ஆடுறோம். எங்கள ஜெயிச்சா ஆறு மணி உங்களுக்கு. தோத்தா எங்களுக்கு."

எல்லாரும் தரையப் பாக்குறாங்க. "நாங்க ஆடுறோம்"னு எந்திரிச்சது யாரு? நம்ம மதினியும் நாத்தனாரும்தான்.

இப்ப பேட் வாங்கணும். வாங்கப் போனது செல்வக்கனியோட வீட்டுக்காரர் சாமுவேல்ராஜ். நல்ல மனுஷன்... பயந்த மனுஷன். எப்படி வாங்கியிருப்பாரு? கிறிஸ்மஸுக்குச் சேலை எடுக்கிறவங்களே, உங்களுக்குத் தெரியாதா? பொண்டாட்டிக்கு ஒண்ணு, தங்கச்சிக்கு ஒண்ணு. ஒரே கலரு, ஒரே பார்டர், ஒரே விலை. ஒரு இழை வித்தியாசம் இருந்தாலும் பொங்கல் வரைக்கும் வீட்ல சோறு எறங்காது. அதே கணக்குல பேட் எடுத்துட்டு வந்தாரு. ரெண்டும் ஒண்ணு போல. தலைப்பக்கம் வெயிட்டு... ஓங்கிச் சாத்துறதுக்குன்னே செஞ்ச பேட்.

என்ன ஆச்சு? விழாவுக்கு முன்னாடி தனசிங் ஜோடியோடயே சும்மா ஒரு ஆட்டம். நெட்டுக்கிட்ட ஜெபராணி. காக், அதான் அந்த இறகுப் பந்து, மூஞ்சிக்கு நேரா வருது. அந்த வெயிட்டு பேட்டை அவ திருப்பிக் கொண்டு வர்றதுக்குள்ள... காக் அவளத் தாண்டி விழுந்து கெடக்குது. மறுபடியும்... மறுபடியும். படுதோல்வி. தனசிங் துண்டால மூஞ்சியத் தொடைச்சுக்கிட்டே சொல்றாரு: "ஆறு மணிக்கு லைட்ட மட்டும் போட்டு வச்சிருங்கம்மா... நாங்க வந்துடுறோம்."

வீட்டுக்கு வர்ற வழியில ரெண்டு பேருக்கும் சண்டை.

"முன்னாடி நின்னு நீ ஒண்ணையும் எடுக்கல ஜெபா."

"நீங்க மட்டும் என்னத்தச் சாத்துனீங்க மதினி?"

"சாத்துறதுக்கு காக் மேல வந்தாத்தானே?"

ஜெபராணி அப்படியே நின்னுட்டா. மேல வந்தாத்தானே... சரி, அது மேல வர்ற மாதிரி ஆட வேண்டியது யாரு? முன்னாடி நிக்கிறவதானே?

மறுநாள் மூணு பேரும் கடையில. ஜெபராணி ஒவ்வொரு பேட்டா எடுத்து வீசிப் பாக்குறா. கடைசியில ஒண்ணு... லேசுன்னா அப்படி ஒரு லேசு. நெனச்ச பக்கம் திரும்புது. "அண்ணே, எனக்கு இது."

சாமுவேல்ராஜுக்கு வேர்த்துப் போச்சு. "விலை கம்மிம்மா இது. பொண்டாட்டிக்கு ஒசத்தி, தங்கச்சிக்கு மட்டமான்னு அம்மா என்னைய உண்டு இல்லன்னு ஆக்கிருவாங்க."

செல்வக்கனிக்கும் மனசு கேக்கல. "வேண்டாம் ஜெபா. இத வச்சு ஓங்கிச் சாத்த முடியாது. கைதட்டெல்லாம் எனக்கே வரும். நாளைக்கு உனக்குச் சங்கடமாயிரும்."

ஜெபராணி சொன்னா: "வரட்டும் மதினி. ரெண்டு பேரும் சாத்துறதுக்கே நின்னா, அவங்கள யாரு மேல தூக்கிப் போட வைக்கிறது?"

ஆண்டு விழா. காலனியே கோர்ட்டச் சுத்தி நிக்குது. தனசிங் ஓங்கி அடிக்கிறாரு... ஜெபராணி பேட்டைக் காட்டுறா. காட்டுறா, அவ்வளவுதான். அவரு போட்ட வேகமே திரும்பிப் போயி நெட்டை ஒட்டி விழுது. குனிஞ்சு தூக்கித்தானே ஆகணும்? தூக்குனா... பின்னால செல்வக்கனி. சாத்து. மறுபடியும் அடிக்கிறாரு... காட்டுறா... தூக்குறாரு... சாத்து.

அண்ணங்காரர் மூச்சு வாங்கிக்கிட்டே, "ஏல, அந்தப் புள்ள பக்கம் அடிக்காதல"ன்னாரு. தனசிங், "எந்தப் பக்கம் அடிச்சாலும் அந்தப் புள்ளதாம்ணே நிக்குது"ன்னாரு.

கடைசி பாயிண்ட். ஜெபராணி மூஞ்சிக்கு நேரா ஒரு அடி... கண்ணச் சிமிட்டல அவ. தடுத்தா. தூக்குனாங்க. செல்வக்கனி சாத்துன சாத்துல காக் தனசிங் காலடியில கெடக்குது. ஜெயிச்சாச்சு. பொம்பளைங்க எல்லாம் கோர்ட்டுக்குள்ள ஓடி வந்து, "செல்வக்கனி... செல்வக்கனி"ன்னு தூக்காத குறை.

அவ என்ன செஞ்சா? நாத்தனார் கையப் புடிச்சு அந்த லேசான பேட்டோட ஒசத்திக் காட்டுனா. "அடிச்சது நான். அடிக்க வச்சது இவ"ன்னா. சாமுவேல்ராஜ் ஓரமா நின்னு அழுதுட்டாரு... பயத்துல இல்ல, இந்தத் தடவ சந்தோஷத்துல.

மறுநாள் ஆறு மணிக்குக் கோர்ட்ல லைட்டு எரிஞ்சுது. போட்டது யாரு? தனசிங்.

மாப்பிள்ளை, உங்களத்தான்... பொண்ணு, நீயும் கேளும்மா. இன்னையிலருந்து நீங்க ரெண்டு பேரும் நெட்டுக்கு ஒரே பக்கம். சமம்னா ரெண்டு கையிலயும் ஒரே பேட்டுன்னு நெனச்சிராதீங்க. யாருது ஒசத்தின்னு விலைச் சீட்டப் பாக்காதீங்க. உங்க ஜோடிக்கு எது கொறையுதுன்னு பாருங்க... அத முதல்ல நீங்க கையில எடுங்க. எப்பவும் பொண்ணுதான் எடுக்கணும்னு எங்கயும் எழுதி வைக்கல, மாப்பிள்ளை. லேசான பேட்டை நீங்க எடுக்க வேண்டிய நாளும் வரும். அன்னிக்குக் கைதட்டு அவளுக்குப் போகட்டும்... கோர்ட் உங்க ரெண்டு பேருக்கும்தான்.